அகத்தின் காற்றும் அரசின் சட்டமும்

உண்ணும் உணவில் கலப்படம் செய்தவனைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் அப்பணியைச் செய்து வருகின்றது. ஆற்றில் கழிவைக் கொட்டியவனையும், ஆலைப் புகையை வானில் அளவின்றி விடுத்தவனையும் தண்டிக்க 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் உண்டு. ஆனால் மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம் ஆற்றங்கரையும் அன்று, திறந்த வெளியும் அன்று. வீடு, வகுப்பறை, அலுவலகம், தொழிற்கூடம், தொழிலாளர் விடுதி, மருத்துவமனை ஆகிய நான்கு சுவர்களுக்குள்தான் அவன் வாழ்நாள் கழிகின்றது. அச்சுவர்களுக்குள் நிற்கும் காற்றுக்குக் காவலர் யார்? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலதர் என்னும் சொல்

நம் முன்னோர் அகத்தின் காற்றைப் பற்றிச் சிந்தித்தவர் என்பதற்கு ஒரு சொல்லே சான்று பகரும். சாளரத்தைக் குறிக்கக் ‘காலதர்’ என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் ஆளப்பட்டுள்ளது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். ஒளியை முன்னிட்டோ காட்சியை முன்னிட்டோ பெயரிடாமல் காற்றை முன்னிட்டுப் பெயரிட்டமை ஈண்டு எண்ணத்தக்கது. வீட்டின் நடுவே முற்றம், கூரையின் கீழே இடைவெளி, அடுக்களைக்கு மேலே புகைபோக்கி என்று அமைத்துக் கொண்ட மரபு அச்சொல்லுக்குப் பொருள் கூட்டியது. எனினும் அது வசதி படைத்தோர் வீட்டு மரபு. கடல் கடந்து கூலிகளாக வந்த நம்மவர்க்கு, வீட்டை அமைக்கும் உரிமை தம் கையில் இருந்ததில்லை. பிறர் கட்டி வைத்த அறையில், பிறர் வைத்த சாளரத்தின் வழியே வந்த காற்றைத்தான் அவர்கள் மூச்சாகக் கொண்டனர். வீட்டைக் கட்டுபவன் ஒருவன், அதில் மூச்சு விடுபவன் மற்றொருவன் என்னும் நிலை தோன்றிய அன்றே சட்டத்தின் தேவையும் தோன்றிவிட்டது.

ஈயமும் நிலக்கரியும்

நாம் வாழும் ரவாங் வட்டாரம் இவ்வரலாற்றில் தனி இடம் பெறுவது. 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவி, நீர் இறைக்கும் பொறிகளை இயக்கினர். மலாயா நாட்டில் மின்சாரம் முதன்முதல் பயன்பட்ட இடம் இதுவே என்று வரலாறு குறிக்கின்றது. சுரங்கத்து நீரை இறைக்க 1894இல் வந்த மின்சாரம், தோட்டத் தொழிலாளியின் அறைக்கு விளக்கேற்ற வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை அவன் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கின் கரிப்புகையில்தான் எழுத்தறிந்தனர்.

ரவாங்கிற்கு அண்மையில் உள்ள பத்து ஆராங்கில் 1915ஆம் ஆண்டு தொடங்கி 1960ஆம் ஆண்டு வரை நிலக்கரி வெட்டப்பட்டது. புகைவண்டிகளும் மின்நிலையங்களும் அக்கரியால் ஓடின. நிலக்கரிச் சுரங்கம்தான் காற்றுக்குச் சட்டம் வேண்டும் என்பதை உலகுக்கு முதலில் உணர்த்திய இடம். இங்கிலாந்தில் ஆர்ட்லி என்னும் சுரங்கத்தில் 1862ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரே குழிவாய் அடைபட்டதால் 204 பேர் உள்ளேயே மாண்டனர். அவ்வாண்டிலேயே, சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் இரு வாயில்கள் வேண்டும் என்று சட்டம் எழுந்தது. தனியொரு முதலாளியின் நல்லெண்ணத்தை நம்பி மூச்சுக் காற்றை ஒப்படைக்க இயலாது என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். ஆனால் அந்த அறிவைப் பெற 204 உயிர்களை விலையாகத் தர வேண்டியிருந்தது.

லயத்து அடுப்படி

இரப்பர்த் தோட்டங்களில் நிலைமை வேறு வகையானது. நீண்ட ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த அறைகளே லயங்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை லயங்களில், பின்சுவரில் சாளரம் வைக்க வழியே இல்லை. காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறுவதுதான் காற்றோட்டம். ஒரு பக்கமே திறந்த அறையில் காற்று புகும், ஓடாது. அத்தகைய அறையில், அல்லது அதை ஒட்டிய சிறு இடத்தில், விறகடுப்பு எரிந்தது. விடியுமுன்னரே எழுந்து சமைத்துவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார்களும், அவர்தம் இடுப்பிலும் மடியிலும் இருந்த குழந்தைகளும் அப்புகையைச் சுவாசித்தனர்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. அதே தோட்டத்தில் புகைக்கூடம் ஒன்று இருந்தது. இரப்பர்த் தகடுகளை உலர்த்தி, பூஞ்சை பிடிக்காமல் காப்பதற்காக அவற்றுக்குப் புகை ஊட்டுவர். எத்தனை நாள், எவ்வளவு வெப்பம், எத்துணைக் காற்றுத் துளை என்பதற்கெல்லாம் அங்கே அளவு இருந்தது. அளவு பிழைத்தால் தகட்டின் தரம் குறையும், விலை குறையும். தகடு நுகரும் புகைக்கு அளவு வைத்த காலம், தாய் நுகரும் புகைக்கு அளவு வைக்கவில்லை.

சட்டம் முற்றிலும் கண்மூடி இருந்தது என்று கூறுதல் பொருந்தாது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டிலும் பின்னர் 1923ஆம் ஆண்டிலும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இயற்றப்பட்டன. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்னும் விதியால் தோன்றியவையே நம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள். அப்பள்ளிகளுள் பல எத்தகைய கட்டடத்தில் நடந்தன என்பதை முதியோர் அறிவர். லயத்து அறையும் கொட்டகையுமே பள்ளியாயின. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு விதி இருந்தது. அப்பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்கு அளவு இல்லை.

விடுதலைக்குப் பின், 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 1990ஆம் ஆண்டில் 446ஆம் சட்டம் இயற்றப்பட்டது. நெடுங்காலம் அது தோட்டங்களையும் சுரங்கங்களையும் மட்டுமே தழுவியிருந்தது. அதற்கிடையில் விறகடுப்பு மறைந்து எரிவாயு அடுப்பு வந்தது. அம்மாற்றம் வீட்டுக் காற்றைக் காக்கும் சட்டத்தால் வந்ததன்று. எரிவாயுவுக்கு அரசு தந்த விலைச் சலுகையும், குடும்ப வருமானத்தின் சிறு உயர்வும் தந்த பயன் அது.

கிள்ளானில் ஒரு மருத்துவர்

அகத்தின் காற்று ஏன் இத்துணைக் காலம் மறக்கப்பட்டது என்பதற்கு ஓர் அறிவியல் காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் நோய்கள் பலவற்றுக்கும் கெட்ட காற்றே காரணம் என நம்பினர். மலேரியா என்னும் பெயரே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள்படும். அந்நம்பிக்கையின் விளைவாக மருத்துவமனைகளில் பெரிய சாளரங்கள் வைக்கப்பட்டன. செருமானிய அறிஞர் பெட்டன்கோபர், அறைக் காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் 1000 பங்கைத் தாண்டுதல் ஆகாது என 1858ஆம் ஆண்டிலேயே அளவு வகுத்தார்.

1897ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ், மலேரியாவைக் கடத்துவது கொசு என்று நிறுவினார். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கிள்ளான் நகரத்தையும் இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் சூழ்ந்திருந்த சதுப்பு நீரை வடியச் செய்து அந்நோயை அடக்கினார். உலக மருத்துவ வரலாற்றில் கிள்ளான் பெற்ற பெருமை அது. ஆனால் அவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நோய் காற்றில் இல்லை, கொசுவிலும் நீரிலும் கிருமியிலும் உள்ளது என்று கண்ட உலகம், காற்றைப் பற்றிய கவலையையும் மெல்லக் கைவிட்டது. நீருக்குக் குழாயும் வடிகாலும் சட்டமும் வந்தன. அகக் காற்றுக்கு அவை வரவில்லை. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்தான் அம்மறதியைக் கலைத்தது.

இலண்டன் தந்த பாடம்

1952ஆம் ஆண்டு திசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரைப் புகையும் பனியும் சேர்ந்த இருள் மூடியது. அந்நிகழ்வால் 4000 பேர் இறந்தனர் என அன்று கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதனினும் பன்மடங்கு மிகுதி என்கின்றன. ஆலைகளோடு, ஒவ்வொரு வீட்டின் கணப்படுப்பில் எரிந்த நிலக்கரியும் அதற்குக் காரணம். ‘என் வீட்டு அடுப்பு என் உரிமை’ என்னும் எண்ணம் ஆங்கிலேயரிடம் வேரூன்றியிருந்தது. இருப்பினும் 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகை தவிர்க்கும் வட்டாரங்களை வகுத்து, வீட்டு அடுப்புக்குள்ளும் நுழைந்தது. வெறுங்கையோடு நுழையவில்லை, அடுப்பை மாற்றும் செலவின் பெரும்பகுதியைப் பொதுப்பணத்திலிருந்து தந்தது. விதியும் உதவியும் ஒரே கையிலிருந்து வந்ததால் சட்டம் வென்றது.

தமிழகமும் இந்தியாவும் இதே பாடத்தை வேறு வழியில் கற்றன. 1980களின் தொடக்கத்தில் குசராத்துச் சிற்றூர்களில் கெர்க் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றிய இந்திய ஆய்வாளரும், சமைக்கும் பெண்கள் நுகரும் புகையைக் கருவிகொண்டு அளந்தனர். அதுவரை புள்ளிவிவரத்தில் இடம்பெறாத அடுக்களைப் புகை அதன்பின் ஆய்வுப் பொருளாயிற்று. 2016ஆம் ஆண்டில் இந்திய அரசு ‘உஜ்வலா’ திட்டத்தால் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கத் தொடங்கியது. இணைப்புப் பெற்ற பலர், அடுத்த உருளை வாங்கும் விலைக்கு அஞ்சி விறகையும் கைவிடாதிருந்தனர். தொடக்கத்தில் ஒருமுறை தரும் உதவி போதாது, தொடர்ந்து தாங்கும் கொள்கை வேண்டும் என்பது அதன் பாடம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உலகெங்கும் இறந்தனர். அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000 பேருக்கு மேல்.

துண்டுபட்ட சட்டங்கள்

இனி, நம் நாட்டின் இன்றைய நிலையைக் காண்போம். சட்டமே இல்லை என்பது நம் குறையன்று. சட்டங்கள் துண்டுபட்டுக் கிடப்பதே குறை. வெளிக் காற்றுக்குச் சுற்றுச்சூழல் துறை பொறுப்பு. பணியிடத்துக்கு 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, நலச் சட்டம் உண்டு. அதனைச் சார்ந்து 2010ஆம் ஆண்டில் அகக் காற்றுத் தரத்துக்கான நடைமுறைக் கோவை வெளியிடப்பட்டது. கரியமில வாயு பத்து இலட்சத்தில் 1000 பங்குக்குள், வெப்பம் 23 முதல் 26 பாகை வரை, ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 70 வரை என்றெல்லாம் அது தெளிவாக அளவு வகுத்தது. ஆயினும் அது குளிர்சாதனமோ இயந்திரக் காற்றோட்டமோ உள்ள பணியிடங்களை நோக்கி எழுதப்பட்டது. மின்விசிறியும் திறந்த சாளரமும் கொண்ட சாதாரண வகுப்பறை அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றது.

கட்டடங்களுக்கு 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள் உண்டு. இங்கே ‘ஒருசீர்’ என்னும் அடைமொழியைக் கவனித்தல் வேண்டும். ஊருக்கு ஒரு விதி என்றிருந்தால் கட்டடம் கட்டுவோர்க்கும் குழப்பம், குடியிருப்போர்க்கும் கேடு. ஆகவேதான் பொதுவான விதி வகுக்கப்பட்டு மாநிலங்கள் அதனை ஏற்றன. அவ்விதியின்படி, குடியிருப்பு அறையின் சாளரப் பரப்பு தரைப்பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் இருத்தல் வேண்டும். வகுப்பறைக்கு நூற்றுக்கு இருபது. வகுப்பறையின் தரைப்பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குக் காற்று தடையின்றிப் புகும் திறப்பும் வேண்டும். மாணவன் மூச்சுக்கு நம் சட்டம் தந்த மதிப்பு இது, பாராட்டத்தக்கது.

புகையிலைக்கு நலவாழ்வு அமைச்சு பொறுப்பு. 2019ஆம் ஆண்டு சனவரி முதல் உணவகங்களில் புகைபிடித்தல் தடைசெய்யப்பட்டது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் புதிய தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்துள்ளது. தொழிலாளர் விடுதிக்குத் தொழிலாளர் துறை, பள்ளிக்குக் கல்வி அமைச்சு என்று பட்டியல் நீளும். காலையில் வீட்டிலும், பகலில் பள்ளியிலும், மாலையில் கடையிலும் ஒரே பிள்ளை, ஒரே நுரையீரலால்தான் மூச்சு விடுகின்றது. அரசின் துறைகள் பிரிந்திருக்கலாம். பிள்ளையின் மூச்சு பிரிந்திருக்கவில்லை.

வகுப்பறைக் கணக்கு

ஒரு சிறு கணக்கை மாணவர்களும் செய்து பார்க்கலாம். 9 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட வகுப்பறையின் கொள்ளளவு ஏறத்தாழ 200 கன மீட்டர். துணைவிதிப்படி அதற்கு 13.5 சதுர மீட்டர் சாளரமும், 6.75 சதுர மீட்டர் திறப்பும் வேண்டும். அவ்வறையில் 35 மாணவர் உள்ளனர் என்றும், ஒருவர் மணிக்கு 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகின்றார் என்றும் கொள்வோம். கதவும் சாளரமும் முற்றிலும் அடைபட்டால், வெளியில் 420 பங்காக இருக்கும் அவ்வாயு அறைக்குள் 1000 பங்கை எட்டக் கால் மணி நேரத்துக்குச் சற்று மிகுதியான நேரமே ஆகும். பிற்பகல் பாடவேளையில் மாணவர் தலை சாய்வதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகக் கூறுவது நீதியாகாது.

குளிர்சாதனம் வைத்தால் இக்குறை தீரும் என எண்ணுவோர் உண்டு. சுவரில் பொருத்தும் சாதாரணக் குளிர்சாதனம் அறைக்குள் உள்ள காற்றையே இழுத்துக் குளிர்வித்து மீண்டும் அறைக்குள்ளேயே விடுகின்றது. குளிர்ச்சி வேறு, தூய்மை வேறு என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

சாளரத்தைத் திறந்தால் போதுமா? இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய இடர்ப்பாடு எழுகின்றது. 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டத்தால் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும், 2013ஆம் ஆண்டு சூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அதே நிலை வந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200ஐக் கடந்தால் பள்ளி மூடப்படுகின்றது. ஆனால் மூடப்பட்ட பள்ளியின் பிள்ளைகள் எங்கே செல்வர்? சாளரம் பொருந்தாத, கூரை இடைவெளி அடைக்கப்படாத வீட்டுக்குத்தான். சாளரத்தைத் திறந்தால் புகை, அடைத்தால் அடைபட்ட மூச்சு என்னும் இந்த இருதலைக் கொள்ளிக்கு நம் விதிகள் எதிலும் விடை இல்லை. 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டபோது 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த நச்சு ஆற்றிலிருந்து எழுந்து வகுப்பறைக்குள் புகுந்தது. வெளிக் காற்றுக்கும் அகக் காற்றுக்கும் இடையே சட்டம் எழுப்பிய சுவரைக் காற்று மதிக்கவில்லை.

வேண்டுவது யாது?

பிற நாடுகள் வழி காட்டியுள்ளன. சப்பான் 1970ஆம் ஆண்டிலேயே பெரிய பொதுக் கட்டடங்களின் காற்றை அளந்து காக்கச் சட்டம் இயற்றியது. தைவான் 2011ஆம் ஆண்டில் அகக் காற்றுத் தரத்துக்கெனத் தனிச் சட்டமே கண்டது. தென்கொரியாவும் அவ்வழியே சென்றது. எல்லை கடந்து ஒன்றுபடுவதும் இயலும். 2002ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் எல்லை தாண்டும் புகைமூட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதனை இந்தோனேசியா உறுதிசெய்ய 2014ஆம் ஆண்டாயிற்று என்பது, ஒப்பந்தம் மட்டும் போதாது என்பதையும் உடன் உணர்த்தும்.

நமக்கு வேண்டுவன மூன்று. முதலாவது, பள்ளி, மருத்துவமனை, விடுதி, பணியிடம் அனைத்துக்கும் பொதுவான ஒரே அளவுகோல். அதில் நுண்துகளுக்கும் இடம் வேண்டும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள், ஒரு நாள் சராசரியில், கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருத்தல் வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வகுத்தது. நம் நாட்டு வெளிக்காற்றுத் தரம் 35ஐ எல்லையாகக் கொண்டது. வகுப்பறைக்குள் எல்லை யாது என்பதைச் சட்டம் கூறுதல் வேண்டும். இரண்டாவது, அளந்த அளவைப் பெற்றோரும் தொழிலாளரும் அறிய வெளியிடும் கடமை. மூன்றாவது, செலவைப் பகிரும் பொறுப்பு. நம் தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுவன. பொதுப்பணம் இல்லாமல் விதி மட்டும் வந்தால், அவ்விதி ஏழைப் பள்ளிக்குத் தண்டனையாகிவிடும். இலண்டன் அடுப்பு வென்றதும், இந்தியச் சிற்றூரின் உருளை தடுமாறியதும் நமக்கு இதனையே கற்பிக்கின்றன.

செலவு மிகுதி, சட்டம் ஏட்டோடு நின்றுவிடும் என்று மறுப்போர் கூறலாம். உணவகத்தில் புகைபிடிப்பதை நிறுத்த இயலாது என்றும் அன்று கூறினர். சட்டம் பொதுவாக வந்ததும், ஒரு கடைக்காரர் மற்றவருக்கு வாடிக்கையாளரை இழப்பார் என்னும் அச்சம் மறைந்தது. தனித்தனியே இயலாதது அனைவருக்கும் ஒன்றாக வரும்போது இயல்கின்றது. பொதுச் சட்டத்தின் வலிமையே அதுதான்.

இறுதியாக ஒன்று. தோட்டத்து லயங்களுக்காகத் தோன்றிய 446ஆம் சட்டம், 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 2020ஆம் ஆண்டு சூன் முதல் எல்லாத் துறைத் தொழிலாளர் விடுதிகளையும் தழுவி நிற்கின்றது. அவ்வாண்டு நவம்பரில், கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் கொள்ளைநோய் ஆயிரக்கணக்கானோரைப் பற்றியபோது அதன் அருமையை நாடு உணர்ந்தது. அவ்விடுதிகளில் வாழ்வோர் நேப்பாளத்தாரும் வங்காளதேசத்தாரும். நம் பாட்டனார் காற்றில்லா அறையில் வாழ்ந்து பெற்ற சட்டம் இன்று அவர்களுக்குக் கூரையாகின்றது. லயத்தில் மூச்சுத் திணறிய இனத்தின் பிள்ளைகளாகிய நாம், இன்று வேறொருவர் திணறும்போது வாளாவிருத்தல் தகாது. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் பள்ளியின் சாளரங்களை அளந்து, காற்றின் நிலையைக் குறித்து, மேலாளர் வாரியத்துக்கும் ஊராட்சிக் கழகத்துக்கும் எடுத்துரைக்கத் தொடங்கட்டும். காலதர் என்று பெயரிட்ட மொழிக்கு உரியவர் நாம். அக்காலதர் எல்லார் வீட்டுக்கும் உரிமையாகும் நாளைச் சட்டத்தின் வழியே விரைந்து காண்போமாக.